மதினி போட்ட துண்டு

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குள் திருநெல்வேலி பஸ் வளைந்து வரும்போதே, அது நிற்பதற்கு முன்னால் ஒரு துண்டு ஜன்னல் வழியாக உள்ளே போய் விழும். எறிந்தது யாரென்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலகரத்து மதினி எங்கேயோ கிளம்பிவிட்டார் என்று டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்கே தெரியும்.

மதினி எனக்குச் சொந்தம் கிடையாது. கல்யாணமாகி நான் மேலகரத்துக்கு வந்த நாளில் இருந்து எதிர்வீட்டுக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தெருவே மதினி என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். ஒல்லியான உடம்பு, காலில் ரப்பர் செருப்பு, இடது தோளில் மடித்துப் போட்ட ஈரிழைத் துண்டு. கைப்பை இல்லாமல் அவரைப் பார்த்திருக்கிறேன். துண்டு இல்லாமல் பார்த்ததில்லை.

இடம் பிடிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் மதினி அதற்கு ஒரு சட்டப் புத்தகமே மனதில் வைத்திருந்தார். கைக்குட்டை செல்லாது, காற்றில் அது பறந்தால் உரிமையும் கூடவே பறந்துவிடும். செய்தித்தாள் அறவே செல்லாது. வருகிறவன் அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவான். பை செல்லும், ஆனால் அது மரியாதை இல்லை. "பைய வச்சு எடம் பிடிக்கவன், ஆளு வந்தாலும் பைய எடுக்கமாட்டாம் பாத்துக்கோ" என்பார். துண்டுதான் முறை. அதையும் சும்மா எறிந்தால் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொள்ளும். ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, அந்த முனை முன்னால் போகிற மாதிரி எறிய வேண்டும். நானும் சில மாதம் பழகிப் பார்த்தேன். என் துண்டு ஒருநாள் டிரைவர் மடியில் போய் விழுந்ததோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

மதினி ஏறி ஒரு சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்துச் சீட்டில் துண்டு கிடக்கும். யார் கேட்டாலும் "ஆளு வருது" என்பார். நாம் எல்லோரும் சொல்கிற பதில்தான். ஒரே வித்தியாசம், மதினிக்கு ஆள் யாரும் வருவது கிடையாது.

முதல் தடவை அவரோடு திருநெல்வேலி போனபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. நான் பின்சீட்டில் இருந்து எட்டி, "யாரு மதினி வாராங்க?" என்று கேட்டேன்.

"வந்தாத் தெரியும்லா" என்றார்.

பஸ் கிளம்பியும் யாரும் வரவில்லை. பாவூர்சத்திரத்தில் ஒரு கூட்டம் ஏறியது. மதினி கழுத்தை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டாள். கடைசியாக ஒரு பெண் எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். "ஏட்டி, இங்கன வா. ஒனக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்" என்று மதினி துண்டை எடுத்தார். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டு, இவரை எங்கே பார்த்திருக்கிறோம் என்று ஆலங்குளம் வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபட்டவர் என் வீட்டுக்காரர். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அதற்குத் தோதான வயிறு. கேரள எல்லையில் புளியறை செக்போஸ்டில் எட்டு வருஷம் நின்றவர். லாரிக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் சொல்லப்போவது பொய்யா மெய்யா என்று கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. பொய் சொல்கிறவர்களைப் பார்த்தால் அவருக்கு அரிப்பு வந்துவிடும்.

ஒருநாள் அவர் ஏறிய பஸ்ஸில் மதினி பக்கத்தில் மட்டும் சீட்டு காலி. துண்டு கிடந்தது. "ஆளு வருது சார்" என்றார் மதினி. இவர் நின்றார். பாவூர்சத்திரம் போனது, ஆலங்குளமும் போனது. ஆள் வரவில்லை. செக்போஸ்ட் ரத்தம் கொதித்துவிட்டது.

"எந்தச் சட்டத்துல இருக்கு இது? துண்டு போட்டா சீட்டுக்குப் பட்டா குடுத்துருவாங்களா?"

"சட்டத்துல இல்ல சார். நீங்க நல்லா நிக்கிய. நிக்க முடியாதவுக யாராச்சும் வருவாக" என்று மதினி நிதானமாகச் சொன்னார்.

சீதபற்பநல்லூரில் ஒரு பிள்ளைத்தாச்சி ஏறினாள். அவளுக்கு அந்த இடம் போனது. இவர் வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "ஒன் மதினி ஒரு பொய்க்காரி" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவரோடு நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வார். எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு மதினி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மதினி இவரை மட்டும்தான் படுத்தினார் என்று நினைக்க வேண்டாம். தன் மகள் கல்யாணத்திலேயே பந்தியில் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்காரப் போனார். பழக்க தோஷத்தில் "ஆளு வருது" என்று வாயில் வந்துவிட்டது. சம்பந்தி முகம் சுருங்கியது. வருகிற ஆள் மந்திரியோ கலெக்டரோ என்று எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். வந்தது தவில்காரர். விடியற்காலையில் இருந்து வெறும் காபியோடு அடித்துக்கொண்டிருந்தவர். அவரை உட்காரவைத்து மதினி இரண்டாம் தடவை பாயசம் ஊற்றச் சொன்னார். சம்பந்தி இரண்டு வருஷம் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

குற்றாலத்தில் துண்டு எறிய முடியாது. அங்கே உடம்புதான் துண்டு. சீசனில் மெயினருவிக்குப் போனால் மதினி பெண்கள் பக்கத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, முதுகை வளைத்துத் தண்ணீரை வாங்கிக்கொண்டு நிற்பார். அவர் முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். அருவியைப் பார்த்துப் பயந்து ஓரமாக நிற்கிற வெளியூர்ப் பெண்களை ஒவ்வொருத்தியாக இழுத்து அந்த இடத்தில் விடுவார். அவர்கள் தலை நனைந்து சிரித்துக்கொண்டு வெளியே போவார்கள். மதினி ஒழுங்காகக் குளித்து நான் பார்த்ததில்லை.

இப்போது மகளோடு துபாயில் இருக்கிறார். போனில் பேசும்போது, "ரயிலு ஜன்னலு தொறக்கவே மாட்டேங்குட்டி. இதெல்லாம் ஒரு ஊரா?" என்று அலுத்துக்கொள்கிறார்.

அவர் துபாய் போவதற்கு முன்னால், கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஒரு கோடையில், தென்காசி டிராவல்ஸ்காரர் ஒருவர் பனிமலை டூர் என்று நோட்டீஸ் போட்டார். மணாலியில் இருந்து லே போகிற மலைப்பாதையில் ஏரிகள், பனிப்பாறைகள், மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு. நானும் இவரும் பெயர் கொடுத்தோம். மதினியும் கொடுத்திருந்தார். மதினியின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். "அந்தக் குளிர்ல சம்பளம் வாங்கிக்கிட்டு நின்னவம்லா நான். காசு குடுத்துப் போயி நிக்க எனக்கென்ன கிறுக்கா?" என்று வர மறுத்துவிட்டார். மதினியும் வருகிறார் என்று தெரிந்ததும் இவர் பணத்தைத் திரும்பக் கேட்டார். டிராவல்ஸ்காரர் தரவில்லை.

மணாலியில் பஸ்ஸைப் பார்த்ததும் மதினி தோள் துண்டில் முடிச்சுப் போட்டார். ஆனால் டிராவல்ஸ்காரர் கையில் சீட்டு நம்பர் அட்டவணை இருந்தது. தினமும் ஒரு வரிசை பின்னால் மாற வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு இடம். "அப்பம் எடமே பிடிக்க வேண்டாமா?" என்று மதினி மூன்று தடவை கேட்டார். அன்றைக்கு முழுவதும் சோர்ந்து போயிருந்தார். இவர் மட்டும் தன் நம்பரில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒழுங்குமுறை என்றால் என்ன என்று என்னிடம் சத்தமாக விளக்கிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸுக்கு வெளியே மதினி விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஏரியில் படகு இருந்தது. ஓடிப்போய் முன்பலகையில் துண்டைப் போட்டுவிட்டு, இடுப்புவலிக்காரர் ஒருவரைக் கூப்பிடத் திரும்பினார். அதற்குள் படகுக்காரர் துண்டை எடுத்து, தூசி தட்டி, மடித்து, ஓடி வந்து மதினி கையில் கொடுத்தார். ஏதோ தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். டீக்கடை பெஞ்சில் போட்ட துண்டும் அப்படியே திரும்பி வந்தது. பார்வை மேடையில் போட்டதை ஒரு பள்ளிக்கூடப் பெண் இரண்டு வளைவு தாண்டி ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மலை ஜனங்கள் ரொம்ப நல்லவர்கள். அதுதான் பிரச்சினை.

"நல்ல மனுசங்கதாம். ஆனா ஒரு வெவரமும் இல்லயே ஏட்டி" என்று மதினி வருத்தப்பட்டார்.

எங்கள் ஆட்களோ வெவரத்தில் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. சூரஜ் தால் என்கிற ஏரிக்கரையில் இறங்கினோம். சொட்டுநீலம் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு நீலம், சுற்றிலும் பனி. இலஞ்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவர், இவ்வளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குளிக்காமல் வந்தால் குற்றாலத்துக்காரன் என்று சொல்ல முடியுமா என்று சட்டையைக் கழற்றினார். ஒரு விரலை உள்ளே விட்டார். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டார்.

ஏரியைத் தாண்டிக் கணவாயின் உச்சியில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. கியர் விழவில்லை. கீழே இருந்து மெக்கானிக் வர மறுநாள் ஆகும் என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கிப் பனியைப் படம் எடுத்தார்கள். இவரும் இறங்கினார். பத்தடி நடந்தார். அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"என்ன?" என்றேன். கையை மட்டும் ஆட்டினார். மூச்சு இழுத்தது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. டிராவல்ஸ்காரர் ஆக்ஸிஜன் டப்பாவை எடுத்து வந்து அமுக்கினார். புஸ் என்றுகூடச் சத்தம் வரவில்லை. இலஞ்சி மருந்துக்கடைக்காரர் மெதுவாக முன்னால் வந்து, "முந்தாநாளு எப்படித்தான் இருக்குன்னு கொஞ்சம் இழுத்துப் பாத்தேன்" என்றார். கொஞ்சம் இல்லை, டப்பா முழுவதும். அவரை அடிக்க எனக்குத் தெம்பு இருந்தால் அடித்திருப்பேன். உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்று டிரைவர் ஜாடை காட்டினார். வந்த டாக்ஸி எல்லாம் எதிர்த்திசையில் லேவுக்குப் போகிற டாக்ஸி. ஒரு மணி நேரம் ஆயிற்று. இவரை இங்கேயே விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மூன்று மலை தாண்டி வந்து இந்தக் கல்லில் என் தாலி போகுதே என்று அழுதேன்.

அப்போதுதான் லே பக்கத்தில் இருந்து ஒரு மலைப் பஸ் ஏறி வந்தது. படியில்கூட ஆட்கள். மதினி ஓடினார். அந்த உயரத்தில் ஓடுவது என்றால் நாலு எட்டு வைத்து நின்று, மறுபடி நாலு எட்டு. பஸ் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தபோது துண்டை முடிச்சிட்டு எறிந்தார். உள்ளே காலியாக ஓர் இடமும் இல்லை. துண்டு ஜன்னலோரத்தில் இருந்த ஒரு மலைக்காரப் பெண்ணின் மடியில் விழுந்தது. மதினி வயதுதான் அவளுக்கும் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே துண்டை மடித்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

மதினி வாங்கி, மறுபடி அவள் மடியிலேயே போட்டார். அவள் மறுபடி நீட்டினாள்.

மூன்றாம் தடவை மதினி துண்டை அவள் மடியில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டார். இன்னொரு கையால் கல்லில் உட்கார்ந்திருந்த இவரைக் காட்டினார். "எம்மா, அவுகளால நிக்க முடியல. ஒன்னால முடியும்" என்றார், சுத்தமான மேலகரத்துத் தமிழில்.

அந்தப் பெண் இவரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

கண்டக்டர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது. நானும் மதினியும் இவரைத் தள்ளி ஏற்றினோம். மதினி கீழேயே நின்றுகொண்டார். பஸ் நகர்ந்தபோது, "அழாத ஏட்டி, எறங்க எறங்க மூச்சு வந்துரும்" என்று கத்தினார்.

சொன்ன மாதிரியே வந்தது. கீழே இருந்த ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மொத்தம் ஆறு கட்டில். காலியாக இருந்த கடைசிக் கட்டிலில் இவரைப் படுக்கவைத்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். விடிந்தபோது உதடு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இட்லி கிடைக்குமா என்று கேட்டார். நான் சாமியைக் கும்பிட்டேன்.

ஒன்பது மணிக்கு டிராவல்ஸ்காரர் போன் செய்தார். பஸ் சரியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம் என்றார். கூடவே, "மதினிக்குத்தான் ராத்திரியில இருந்து ஒரே வாந்தி. தலையத் தூக்க முடியல. ஓடினாங்கள்லா, அதான். ஆஸ்பத்திரியில சொல்லி வைங்க" என்றார். நான் அதை இவரிடம் சொன்னேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்தார். மலையாளப் பெண். அந்த மலையிலும் மலையாள நர்ஸ்தான். "சேட்டா, எல்லாம் நார்மல் ஆணு. இனி எணீக்கணம்" என்றார். எழுந்துகொள்ளச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. வராண்டாவில், பைக்கில் மலை சுற்ற வந்து கணுக்கால் சுளுக்கிய ஒருவன் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக் காத்திருந்தான். அவனுக்குக் கட்டில் வேண்டுமாம்.

புளியறையில் எட்டு வருஷம் மலையாளம் பேசிய மனுஷன், புரியாதவர் மாதிரி நர்ஸைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்தார்.

"ஸ்வாசம் முட்டுன்னு" என்றார். மூச்சு முட்டுகிறதாம்.

நர்ஸ் விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார். மெஷின் இவரைக் காட்டிக்கொடுத்தது. நர்ஸ் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, பழைய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி மூச்சு இழுத்தார். நான் பதறி, "என்னங்க, மறுபடியும் வருதா?" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "பேசாம இருட்டி" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருஷமாக அடுத்தவன் பொய்யைப் பிடித்தவர், பொய் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார். அதுவும் படுமோசமாக. ஒரு மணி நேரம் நர்ஸ் திட்டினார். இவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

மதினியை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்தது. கண்ணைத் திறக்காமலே, "நான் வராண்டாவுல ஓரமாப் படுத்துக்கிடுதேன் ஏட்டி, யாரையும் எழுப்பாத" என்றார்.

இவர் கட்டிலில் இருந்து குதித்து இறங்கினார்.

"அய்யோ! ஈ சேட்டன்டெ ஸ்வாசம்முட்டு எவிடெப் போயி?" என்று நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இவர் தலையணையைத் தட்டிப் போட்டார். விரிப்பின் சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவிவிட்டார். மதினி கட்டிலில் கையை ஊன்றினார். சூடு இருந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து கட்டிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கோபத்தில் நின்ற நர்ஸையும் பார்த்தார். அந்தத் தொழிலில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"சார்... எனக்கா பிடிச்சு வச்சிருந்திய?"

"ஆமா மதினி. படுங்க" என்றார் இவர்.

மதினி படுத்தார். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார். மதினி அதை உணர்ந்த மாதிரியே தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு ஒருத்தரும் எடம் பிடிச்சு வச்சதில்ல ஏட்டி" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, அழுதேன். இவர் அதற்குள் வராண்டாவுக்குப் போய்விட்டார். கணுக்கால் சுளுக்கிய பையன் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.